மூளையின் இரத்தக் குழாய்களைக் காட்டிய எகாஸ் மோனிஸ்

பக்கவாதம் என்னும் நோயை நேரிற் கண்டிராதவர் நம்முள் மிகச் சிலரே. காலையில் எழுந்து நடமாடியவர், உண்டவர், பிள்ளைகளோடு பேசி மகிழ்ந்தவர், மாலைக்குள் ஒருபுறக் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, நாக்குழறிப் படுக்கையிற் சாய்ந்துவிடுகின்றார். வீட்டார் செய்வதறியாது திகைக்கின்றனர். இந்நோயின் இருப்பிடம் கையுமன்று, காலுமன்று. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களே அதன் இருப்பிடம். அவை வெடித்து இரத்தம் கசிவதனாலோ, அடைபட்டு இரத்தம் செல்லாமற்போவதனாலோ இத்துன்பம் நேர்கின்றது. சுவிட்ஸர்லாந்து தேசத்து வைத்தியராகிய வெப்பர் என்பார், இந்நோயால் இறந்தோரின் தலைகளை அறுத்துப் பார்த்து, 1658-ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.

ஆனால் இறந்தவரிடத்துக் கண்டதை உயிரோடிருப்பவரிடத்துக் காண்பது எவ்வாறு? மூளையோ மண்டையோடு என்னும் எலும்புப் பேழையுள் அடைபட்டுக் கிடக்கின்றது. 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜென் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தபோது இத்திரை நீங்கிவிடும் என்று வைத்திய உலகம் எதிர்பார்த்தது. அக்கதிர்கள் எலும்பைக் காட்டின. எலும்பிற்குள் இருந்ததைக் காட்டவில்லை. மூளையும், அதனூடு ஓடும் இரத்தமும், அவ்விரத்தம் ஓடும் குழாய்களும் அக்கதிர்களுக்கு ஒரே தன்மையனவாதலின், ஒன்றினின்றும் ஒன்று பிரித்தறிய இயலாதவாறு படத்திற் கலந்துபோயின. இவ்வாறு 30 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அத்திரையை விலக்கியவர் ஒரு பெரிய தேசத்துப் பெரிய ஆராய்ச்சிச் சாலையில் இருந்தவரல்லர். ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் உள்ள போர்ச்சுகல் தேசத்தில், ஐம்பது வயது கடந்து, அரசியலில் அலுத்து, வாதநோயால் விரல்கள் கோணிய ஒரு பேராசிரியரே அதனைச் செய்தார். அவர் பெயர் எகாஸ் மோனிஸ்.

அப்பெயர் அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. போர்ச்சுகலின் வடபகுதியில் அவாங்கா என்னும் சிற்றூரில், நிலபுலங்கள் உடைய பழங்குடி ஒன்றில், 1874-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் தேதி பிறந்த அக்குழந்தைக்கு அந்தோனியோ கயெத்தானோ என்பதே பெயர். உறவினரும் ஞானத்தந்தையுமாகிய ஒரு குருவானவர், தம் குடும்பம் பழைய வீரனாகிய எகாஸ் மோனிஸின் வழிவந்தது என்று நம்பி, அவ்வீரன் பெயரையும் குழந்தைக்குச் சூட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவ்வீரனைப்பற்றிப் போர்ச்சுகீசியர் கூறும் கதை ஒன்றுண்டு. தன்னால் வளர்க்கப்பட்ட இளவரசன் பணிந்து நடப்பான் என்று அவன் லியோன் தேசத்து மன்னனுக்கு வாக்குக் கொடுத்தான். இளவரசன் பணிய மறுத்துவிட்டான். வாக்குத் தவறியமைக்கு ஈடாகத் தன் உயிரையும் மனைவி மக்கள் உயிரையும் ஒப்புவிக்க எண்ணி, எல்லோர் கழுத்திலும் கயிறு கட்டிக்கொண்டு வெறுங்காலோடு அம்மன்னன் முன் சென்று நின்றானாம். மன்னன் மனமிரங்கி அவர்களை விட்டுவிட்டான். பிற்காலத்து எகாஸ் மோனிஸின் வாழ்க்கையைப் படிக்கும்போது கழுத்திற் கயிற்றோடு நின்ற இப்பழைய மோனிஸ் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்ததுண்டு. காரணம் பின்னர் விளங்கும்.

அக்குருவானவரிடமே இளமைக் கல்வி கற்று, பின்பு கோயிம்ப்ரா என்னும் பழம்பெருஞ் சர்வகலாசாலையிற் சேர்ந்து வைத்தியம் பயின்று, 1899-ஆம் ஆண்டில் மோனிஸ் பட்டம் பெற்றார். கணித சாஸ்திரத்திலும் அவருக்கு விருப்பம் மிகுதி. இருபத்துநான்காம் வயதில் கீல்வாதம் அவரைப் பற்றிக்கொண்டு, கடைசிவரையில் விடாது தொடர்ந்து, நாளடைவில் அவருடைய கைகளை உருவழித்தது. நரம்பு நோய்களைக் கற்கும் பொருட்டுப் பிரான்ஸ் தேசம் சென்று, போர்தோ நகரிலும் பாரிஸிலும் அக்காலத்துப் பேராசான்களை அடுத்துப் பயின்றார். அவர்களுள் பபின்ஸ்கியின் நட்பு பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று. 1911-ஆம் ஆண்டில் லிஸ்பன் சர்வகலாசாலையில் நரம்பு நோய்க்கெனப் புதிதாக ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டபோது அது மோனிஸுக்குக் கிட்டியது.

எனினும் அக்காலத்தில் அவர் உள்ளம் முழுவதும் வைத்தியத்தில் இருந்ததென்று கூறுவதற்கில்லை. 1903-ஆம் ஆண்டு முதல் சட்டசபை அங்கத்தினர்; 1917-இல் ஸ்பெயின் தேசத்திற்குத் தூதர்; 1918-இல் அயல்நாட்டு மந்திரி; முதலாம் உலக யுத்தம் முடிந்தவுடன் பாரிஸ் சமாதான மகாநாட்டிற் போர்ச்சுகல் பிரதிநிதிகளின் தலைவர். அத்தேசத்து அரசியலோ அந்நாளில் கலகமும் கொலையும் நிறைந்தது. அவர் சார்ந்திருந்த ஜனாதிபதி சிதோனியோ பாயிஸ் 1918 டிசம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது காலத்திற்குள் மோனிஸ் அரசியலை முற்றும் துறந்து தம் நோயாளிகளிடம் திரும்பினார். நாற்பத்தைந்து வயதில், உலகம் அறிந்த ஓர் ஆராய்ச்சியேனும் அவர் பெயரில் இல்லை.

1926-ஆம் ஆண்டில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கழுத்தின் இருபுறமும் கரோடிட் என்னும் பெரிய இரத்தக் குழாய்கள் மூளையை நோக்கி ஏறிச் செல்கின்றன. எக்ஸ்-கதிர் ஊடுருவ முடியாத ஒரு திரவத்தை அக்குழாயிற் செலுத்தி, அது மூளையினூடு பாய்ந்து செல்லும் அக்கணத்திலேயே படம் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத கிளைகள் எல்லாம் எழுதினாற்போலத் தோன்றுமன்றோ? மூளையில் வளரும் கட்டிகள் எவ்விடத்துள்ளன என்று அறிவதே அப்போது அவர் கருதிய பயன். கட்டி இருக்குமிடத்துக் குழாய்கள் தம் நிலையினின்றும் விலகியிருக்கும் என்பது அவர் ஊகம். பக்கவாதத்தை அவர் அந்நாளில் எண்ணவில்லை. அமெரிக்காவில் டாண்டி என்னும் ரணவைத்தியர் மூளையின் உள்ளறைகளிற் காற்றைப் புகுத்திப் படமெடுக்கும் முறையை 1918-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். அது மிகுந்த வேதனையும் அபாயமும் உடையது.

எண்ணுவது எளிது, செய்வது அரிது. முதலில் எந்தத் திரவம்? வலிப்பு நோய்க்கு மருந்தாக வழங்கிவந்த புரோமைடு உப்புக்களை மோனிஸ் தேர்ந்தார். பலவகைக் கரைசல்களைக் கதிரின் முன் வைத்து, அவற்றின் நிழல் எவ்வளவு கருமையாக விழுகின்றது என்று ஒப்பிட்டார். பின்பு நாய்களிடத்துச் சோதித்தார். அதன் பின் பிரேதங்களின் தலைகளில் திரவத்தைச் செலுத்திப் படமெடுத்து, மூளைக் குழாய்கள் இயல்பாக எவ்வாறு கிளைத்திருக்கும் என்பதற்கு ஒரு வரைபடமே தயாரித்துக்கொண்டார். அத்தலைகளைப் பிரேதசாலையிலிருந்து சாந்தா மார்த்தா ஆஸ்பத்திரிக்குத் தம் மோட்டார் வண்டியிலேயே கொண்டு சென்றாராம். வழியில் வண்டிக்கு ஏதேனும் விபத்து நேர்ந்து, கூடிய கூட்டத்தின் முன் தலைகள் வெளியே உருண்டால் முன்னாள் மந்திரியின் கதி யாதாகும் என்று அவர் அஞ்சியதைப் பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கின்றார்.

மோனிஸின் கைகள் ஊசி பிடிக்கும் நிலையில் இல்லை. ஆகவே அல்மெய்டா லிமா என்னும் இளம் வைத்தியர் அவருக்குக் கைகளாக அமைந்தார். மோனிஸ் அருகில் நின்று சொல்ல, லிமா செய்வார். அவ்விருவரும் பல்லாண்டு இவ்வாறே உழைத்தனர்.

இனி, உயிருள்ள மனிதரிடத்துச் சோதிக்க வேண்டிய நிலை வந்தது. ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசலை நோயாளிகளின் கழுத்துக் குழாயிற் செலுத்தினர். முதலிற் சிலருக்குத் தோலினூடே ஊசி குத்தினர். அது சரிவர அமையாமையால், பின்னர்க் கழுத்தைக் கீறிக் குழாயை வெளிப்படுத்திச் செலுத்தினர். படங்கள் விழவில்லை. ஆறாவது நோயாளியிடம் குழாய்களின் நிழல் சிறிது தெரிந்தது. ஆனால் அந்நோயாளி பிழைக்கவில்லை. குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள, இறந்துபோனார்.

மோனிஸின் வரலாற்றில் இவ்விடத்தை நாம் விரைந்து கடந்துவிடல் ஆகாது. இரத்தக் குழாய் அடைபட்டு மூளை கெடும் நோயை உலகம் அறிந்து தடுப்பதற்கு வழி திறந்த அம்முறையே, தொடக்கத்தில் ஒரு மனிதரை அதே விதமாகக் கொன்றது. அந்நோயாளியிடம் என்ன சொல்லிச் சம்மதம் பெற்றனர், பெற்றனரா என்பன இக்காலத்தார் முதலிற் கேட்கும் வினாக்கள்; அக்காலத்து வைத்தியசாலைகளில் அவற்றைக் கேட்பார் அரியர். மோனிஸ் இம்மரணத்தை மறைக்கவில்லை. தம் ஆராய்ச்சி உரையிலேயே குறித்தார். மனங்கலங்கிய அவர் சோதனைகளை நிறுத்தினார். புரோமைடை அறவே கைவிட்டு மறுபடியும் ஆராய்ச்சிச் சாலைக்கும் நாய்களுக்கும் திரும்பினார். புரோமினைவிட அயொடினின் அணு கனமானது. ஆதலின் கதிர்களை மிகுதியாகத் தடுக்கவல்லது. குறைந்த அளவே போதும். சோடியம் அயொடைடு என்னும் உப்பை நூற்றுக்கு 25 பங்கு வீதம் கரைத்துச் சோதித்தபோது அது குழாய்களுக்குக் குறைந்த தீங்கே செய்வதாகத் தெரிந்தது.

1927-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் தேதி, ஒன்பதாவது நோயாளி. இருபது வயது இளைஞர். மூளையின் அடிப்பாகத்திற் கட்டி உடையவர். லிமா திரவத்தைச் செலுத்திய அந்நொடியிலேயே படம் பிடிக்கப்பட்டது. தகட்டைக் கழுவி எடுத்தபோது, உயிருள்ள மனிதனின் மூளைக் குழாய்கள் முதன்முதலாகத் தெளிவுறத் தோன்றின. கட்டியினால் அவை இடம்பெயர்ந்திருந்தமையும் தெரிந்தது. பத்து நாட்களுக்குள் மோனிஸ் அப்படங்களுடன் பாரிஸை அடைந்து, ஜூலை 7-ஆம் தேதி நரம்பு வைத்தியர் சபையின் முன் அவற்றை வைத்தார். பபின்ஸ்கி முதலிய பெரியோர் அவற்றை வியந்து பாராட்டினர்.

அதன்பின் முறை விரைவாகத் திருந்திற்று. பெரேரா கால்தாஸ் என்பார் நொடிக்கொரு தகடாகத் தொடர்ந்து படம்பிடிக்கும் சுழற்பொறி ஒன்றை அமைத்தார். அதனால் இரத்தம் பெருங்குழாயினின்று நுண்குழாய்க்கும், அங்கிருந்து வெளியேறும் சிரைகளுக்கும் சில நொடிகளிற் செல்லும் பயணம் முழுவதும் அடுத்தடுத்த படங்களாகக் காணலாயிற்று. லிஸ்பனிலேயே ரெய்னால்டோ தோஸ் சாந்தோஸ் என்னும் ரணவைத்தியர் 1929-இல் வயிற்றிலுள்ள பெருங்குழாயை இவ்வாறு படமெடுத்தார். இங்கு ஒரு குறையும் கூறியாகவேண்டும். 1931 முதல் மோனிஸ் தோரோட்ராஸ்ட் என்னும் புதிய திரவத்தைக் கையாண்டார். அது வலி தராதது. படமும் மிகத் தெளிவு. ஆனால் அதிலுள்ள தோரியம் கதிர்வீசும் பொருள். ஈரலில் தங்கி, நெடுங்காலம் கழித்துப் பலருக்குப் புற்றுநோயை விளைவித்தது. பல தேசங்களிலும் பரவியிருந்த அத்திரவம் 1950-க்குப் பின்னர்தான் வழக்கொழிந்தது.

இவ்வளவோடு மோனிஸின் உழைப்பு முடிந்திருந்தால் அவர் புகழில் மாசு அதிகம் இராது. 1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டனில் நரம்பு வைத்தியர்களின் சர்வதேச மகாநாடு கூடிற்று. அங்கே, மூளையின் முன்பகுதியை நீக்கிய குரங்குகளின் நடத்தை மாறியதுபற்றி அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் எடுத்துரைத்தனர். மோனிஸ் அதனைக் கேட்டார். சில மாதங்களுக்குள், நவம்பர் 12-ஆம் தேதி, மனநோயாளி ஒருவரின் மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் முன்பகுதியின் வெண்ணரம்புகளைச் சாராயச் சத்தினால் அழிக்கும் சிகிச்சையை லிமாவைக் கொண்டு செய்வித்தார். பின்னர் அந்நரம்புகளை வெட்டுவதற்கெனவே ஒரு கருவி அமைத்தார். இருபது பேருக்குச் செய்து, எழுவர் குணமடைந்தனர், எழுவர் ஓரளவு தேறினர், அறுவர் முன்போலவே உள்ளனர் என்று அடுத்த ஆண்டிலேயே உலகிற்கு அறிவித்தார். அந்நோயாளிகளை அனுப்பியிருந்த மனநோய்ப் பேராசிரியர் சோப்ரால் சீத் அம்முடிவுகளை ஒப்புக்கொள்ளாமல் மேலும் நோயாளிகளை அனுப்ப மறுத்துவிட்டார்.

இரத்தக் குழாய் ஆராய்ச்சியில் நாய், பிரேதம், மனிதர் என்று படிப்படியாக ஏறியவரும், ஒரு மரணம் நேர்ந்தவுடன் நின்று திரும்பியவருமாகிய அவர், இரண்டாவது முயற்சியில் அப்பொறுமையை இழந்தார் என்றே நான் கருதுகிறேன். முன்னதில் தவறு நேர்ந்தால் படம் விழாது, நோயாளி சாவார். பிழை உடனே தெரிந்துவிடும். பின்னதிலோ, அலறிக்கொண்டிருந்தவர் அடங்கிக் கிடந்தால் அது குணமா, மனமே மழுங்கியதா என்று சில வாரங்களில் யார் கூற இயலும்? நீண்டகாலம் அவர்களைத் தொடர்ந்து நோக்குதல் செய்யப்படவில்லை. அக்காலத்தில் மனநோய்க்குப் பயன்தரும் மருந்து ஏதும் இல்லை, மனநோய் விடுதிகள் நிரம்பி வழிந்தன என்பதையும் மறத்தல் நியாயமன்று. அமெரிக்காவில் ஃப்ரீமன் என்பார் அச்சிகிச்சையை மேலும் எளிதாக்கி ஊரூராகச் சென்று செய்தார். பல்லாயிரம் மக்கள் சிந்தையும் உணர்ச்சியும் குன்றி வாழ்நாளைக் கழித்தனர். சோவியத் அரசாங்கம் 1950-இல் அதனைத் தடுத்தது. 1952-க்குப் பின் புதிய மருந்துகள் வந்தமையால் மற்றத் தேசங்களிலும் அது வழக்கற்றுப் போயிற்று.

இதில் விந்தை யாதெனில், 1949-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் ஒரு பாதி மோனிஸுக்கு அளிக்கப்பட்டது இவ்விரண்டாவது செயலுக்கே. குழாய்ப் படத்திற்காக முன்னர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அவர் பெயர் முன்மொழியப்பட்டும் பரிசு கிட்டவில்லை. அப்பரிசைத் திரும்பப் பெறவேண்டும் என்று அச்சிகிச்சைக்கு உட்பட்டவர்களின் குடும்பத்தார் சிலர் பிற்காலத்தில் வேண்டினர். அது திரும்பப் பெறப்படவில்லை. பழைய எகாஸ் மோனிஸ் தான் கொடுத்த வாக்குப் பொய்த்தபோது கழுத்திற் கயிற்றோடு சென்று நின்றான். இவர் அவ்வாறு நிற்க நேரவில்லை. தம் சிகிச்சை பெரும் நன்மை என்ற நம்பிக்கையோடே இருந்தார். 1939-ஆம் ஆண்டில் நோயாளி ஒருவர் அவருடைய அறைக்குள் புகுந்து துப்பாக்கியாற் பலமுறை சுட்டார். அதினின்றும் தப்பிப் பிழைத்து மறுபடியும் தொழிலுக்குத் திரும்பினார்.

குழாய்ப் படங்களோ ஆரவாரமின்றித் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. கட்டிகளைத் தேடிய மோனிஸின் கண்ணில் வேறொன்றும் பட்டது. பக்கவாதமுற்ற சிலரிடம், கழுத்திலேயே கரோடிட் குழாய் அடைபட்டு, அதற்குமேல் திரவம் ஏறாமல் நின்றுவிட்டதைப் படங்கள் காட்டின. 1937-ஆம் ஆண்டில் லிமாவோடும் மற்றொரு வைத்தியரோடும் சேர்ந்து அத்தகைய நால்வரின் வரலாற்றை அவர் வெளியிட்டார். நோய் மண்டைக்குள்தான் என்று பெரும்பாலோர் நம்பியிருந்த காலம் அது. மண்டைக்குள் இருப்பதை எட்டுதல் கடினம். கழுத்திலுள்ளதையோ ரணவைத்தியர் கத்தி எளிதில் எட்டும்.

அடைப்பை நீக்கும் கலையும் லிஸ்பனிலேயே பிறந்தது. முன் கூறிய ரெய்னால்டோவின் புதல்வராகிய ஜோவான் சீத் தோஸ் சாந்தோஸ், 1946-இல், தொடைக் குழாயின் உட்சுவரில் படிந்து தடித்த கொழுப்பையும் சுண்ணத்தையும் சுரண்டி எடுத்து இரத்த ஓட்டத்தைத் திருப்பினார். 1951-இல் கனடா தேசத்து மில்லர் ஃபிஷர், பெரிய பக்கவாதம் வருமுன் பலருக்குச் சில நிமிஷங்கள் ஒரு கண் இருளுதலும், கை மரத்தலும், பேச்சுத் தடுமாறலும் வந்து நீங்குகின்றன என்பதையும், அவை கழுத்துக் குழாயின் நோயால் வரும் முன்னறிவிப்புக்கள் என்பதையும் விளக்கினார். 1954-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில், அத்தகைய முன்னறிவிப்பு 33 தடவை வந்திருந்த 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, குழாய்ப் படத்தைக்கொண்டு இடம் அறிந்து, ஈஸ்ட்காட் என்பார் கழுத்துக் குழாயின் குறுகிய பகுதியை வெட்டி நீக்கி முனைகளை இணைத்தார். அதன்பின் அந்த அம்மாளுக்கு அம்முன்னறிவிப்புக்கள் வரவில்லை. பக்கவாதம் வந்தபின் வருந்துவதல்லாமல், வருமுன்னே தடுக்கவும் கூடும் என்பதற்கு இது சான்றாயிற்று. அதற்கடுத்த ஆண்டு, 1955 டிசம்பர் 13-ஆம் தேதி, எண்பத்தொன்றாம் வயதில் மோனிஸ் லிஸ்பனில் காலமானார். அவாங்காவிலுள்ள அவர் இல்லம் 1968-இல் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது.

இச்சிகிச்சை உண்மையில் நன்மை தருவதுதானா என்று ஐயுற்றவரும் பலர் இருந்தனர். மூளைச் சிகிச்சையில் நடந்த பிழையை நினைப்போர் அவ்வையத்தைக் குறை கூறார். ஆகவே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐம்பது வைத்தியசாலைகள் சேர்ந்து, முன்னறிவிப்போ சிறு பக்கவாதமோ கண்ட நோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையால் இருபிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்து மட்டும், மற்றவருக்கு ரணசிகிச்சையும் அளித்துச் சோதித்தன. 1991-இல் முடிவு வெளியாயிற்று. குழாய் நூற்றுக்கு 70 பங்கிற்குமேல் குறுகியவர்களுள், மருந்து மட்டும் உண்டோரில் இரண்டாண்டிற்குள் அப்புறத்து மூளையிற் பக்கவாதமுற்றவர் நூற்றுக்கு 26 பேர். ரணசிகிச்சை பெற்றோரில் 9 பேர். எவருடைய குழாய் எவ்வளவு குறுகியுள்ளது என்பதை அச்சோதனையில் அளந்தது மோனிஸின் முறையிற் பிறந்த குழாய்ப் படமே.

இன்று கழுத்தைக் கீற வேண்டியதில்லை. முதலில் ஒலியலைக் கருவியாற் கழுத்துக் குழாயைப் பார்க்கின்றனர். ஐயம் எஞ்சினால், கையிலுள்ள சிரையில் மருந்தைச் செலுத்திக் கணிப்பொறியோடு இணைந்த எக்ஸ்-கதிர்ப் பொறியால் படமெடுக்கின்றனர். மிக நுண்ணிதாகக் காணவேண்டுமாயின் தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழலைப் புகுத்தி மேலே செலுத்துகின்றனர். செலுத்தும் திரவம் பன்முறை திருத்தப்பட்டு, தீங்கு பெரிதும் குறைந்ததாயினும், அதனுள் நின்று கதிரைத் தடுப்பது இன்றும் அயொடினே.